காளி கோயில் தெரு நீங்கலாக

சிதம்பரம்
11.1.2009

அன்புள்ள அக்காவுக்கு,

இளமதி எழுதிக்கொள்வது. திருவாதிரைக் களியை உங்கள் தம்பி கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சம்படத்தைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதம்தான் கண்ணில் படும். கவரில் சுற்றித்தான் வைத்தேன். அப்படியும் நெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்து பேசேன் என்று உங்கள் தம்பி சொன்னார். போன பொங்கலுக்கு அப்படித்தான் பேசினோம். நீங்கள் "ம்" என்றீர்கள், நான் "சரிங்க்கா" என்றேன், இரண்டு பேரும் வைத்துவிட்டோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் வைக்க முடியாது.

போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி உங்கள் பணி ஓய்வு விழா நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறைதான், ஆனாலும் சொல்லவில்லை. மேடையில் நீங்கள் பேசியதை உங்கள் தம்பி வந்து அப்படியே ஒப்பித்தார். "முப்பத்தோரு வருஷம் கிராம நர்ஸா சைக்கிள்லயே ஊர் ஊரா போனேன். ஒரு நாளு கூட வேடிக்க பாத்துகிட்டு ஓட்டுனதில்ல. எங்கயும் போய்ச் சேர வேணாம்னு ஒரே ஒரு நாளு சைக்கிள் ஓட்டிப் பாக்கணும்" என்றீர்களாம். கூட்டம் சிரித்ததாம். இவர் மட்டும் சிரிக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அதனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். சைக்கிளில் மெதுவாக ஊரைச் சுற்றுவோம். நான்கு வீதிகள், அண்ணாமலை நகர், அப்புறம் எங்காவது மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு. உங்கள் கடலூரைப் போலப் பாலத்துக்குப் பாலம் மூச்சு வாங்க வேண்டியதில்லை. இந்த ஊரில் மேடே கிடையாது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் எங்கள் புது வீட்டு வாசலில் நின்று, "இந்த வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. மர நிழல் யார் வீடும் இல்லையே அக்கா. அங்கே கை நனைக்கலாம்தானே?

உங்கள் வீட்டில் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இளமதி


மஞ்சக்குப்பம், கடலூர்
17.1.2009

இளமதிக்கு,

சம்படத்தைக் கழுவி அனுப்புகிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் உள்ளே முந்திரிப் பருப்பு வைத்திருக்கிறேன். அது வழக்கம். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

களியை நான் சாப்பிடவில்லை. இரண்டு நாள் மேசை மேலேயே இருந்தது. உன் அண்ணன்தான் சுற்றிச் சுற்றி வந்தார். கோர்ட்டில் முப்பது வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர் அல்லவா, தானாகவே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "நீ சபதம் பண்ணது வீட்டப் பத்தி. சம்படத்தப் பத்தி ஒரு வார்த்த கூடக் கெடையாது. தாராளமா சாப்புடலாம்." அவர் தின்று முடித்த பிறகு அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கழுவுவதற்கு முன் வாயில் போட்டுப் பார்த்தேன். ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது. வெல்லம் ஜாஸ்தி.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நம் வீடுகளில் ஒருவன் புது வீடு கட்டினால், அவனோடு பிறந்தவள்தான் அந்த அடுப்பில் முதல் பால் காய்ச்ச வேண்டும். கதிர்வேலுக்கு நான் ஒருத்திதான் அக்கா. சட்டி பானை கேட்கவில்லை, பட்டுச்சேலை கேட்கவில்லை. அந்த ஒரு சொம்புப் பால்தான் என்னுடையது. நான் வந்து நின்றபோது உன் தங்கை ரேகா பாலைக் காய்ச்சி டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கக்கா, ஒங்களுக்குப் பாலா காப்பியா?" என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பது போல என்னை என் தம்பி வீட்டில் கேட்டாள். இரண்டரை வருடம் ஆகியும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

சரி, சைக்கிள்.

வருகிறேன். உனக்காக இல்லை, சைக்கிளுக்காக. என் வண்டியை நானே கொண்டு வருவேன். ரயில் பாதையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், எப்போது முடிப்பார்களோ தெரியாது. பஸ் மேலே ஏற்றிக்கொள்கிறேன். உன் அண்ணனுக்கு முழங்கால் வலி. அவர் ஆட்டோவில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வருவார். அந்தப் பதவி அவருக்குப் பிடித்திருக்கிறது.

வழியை நான் போட்டுவிட்டேன். கீழ வீதியில் ஆரம்பித்து வடக்கு வீதி, மேல வீதி, கடைசியில் தெற்கு வீதி. அங்கே முடித்தால் அண்ணாமலை நகருக்குப் போகச் சுருக்கு. உங்கள் காளி கோயில் தெரு நீங்கலாக எந்தத் தெருவில் போனாலும் எனக்குச் சம்மதம். அந்தத் தெருவில் என் சக்கரம் உருளாது.

இப்படிக்கு,
எழிலரசி


சிதம்பரம்
22.1.2009

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வருகிறேன் என்ற வார்த்தையை மட்டும் உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். மற்றதை நான் மட்டும் படித்துக்கொண்டேன்.

முந்திரி நன்றாக இருந்தது. வழக்கத்துக்காக அனுப்பும் முந்திரியை யாரும் ஒவ்வொன்றாகத் தோல் உரித்துப் பொறுக்கி அனுப்ப மாட்டார்கள். ஆனால் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

வழியில் ஒரு சங்கடம். கீழ வீதியிலிருந்து வடக்கே திரும்பினால் கோயிலை இடப்பக்கமாகச் சுற்றுவதாக ஆகிவிடும். இந்த ஊரில் பால்காரர் கூட நான்கு வீதிகளையும் வலமாகத்தான் சுற்றுவார். நாம் எதிர்ப்பக்கமாகப் போனால் பூக்கடைக்காரம்மா முதல் ஆட்டோக்காரர் வரை நிறுத்திப் புத்தி சொல்வார்கள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று போவோம். சுருக்கு வழி எதற்கு? எங்கேயும் போய்ச் சேர வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

நாள் பார்த்துவிட்டேன். பிப்ரவரி பதினைந்து, ஞாயிறு. அதை விட்டால் அடுத்த வாரம் சிவராத்திரிக் கூட்டம், சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது. காலண்டரில் ஏழரை முதல் எட்டரை வரை நல்ல நேரம் போட்டிருக்கிறது, அதில் கிளம்புவோம். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். நான் தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் பல்கூட விளக்குவதில்லை என்று உங்கள் தம்பியும்தான் சொல்கிறார்.

சாப்பிடும் இடத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணாமலை நகரைத் தாண்டி வாய்க்கால் கரையில் இரண்டு புங்க மரங்கள் இருக்கின்றன. கார்த்திகை மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. இப்போது வடிந்து, தரையெல்லாம் புல். எட்டுப் பேர் உட்காரலாம்.

சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும் செய்கிறேன். கூடத் தயிர் சாதம். ஒன்றுதான் கவலை. சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமைத்த கை இது. நான்கு பேருக்கு உப்புப் போடத் தெரியவில்லை. வீட்டில் ஒரு நாள் ரசம் வைத்தால் தெருவே குடிக்க வேண்டியிருக்கிறது. அண்ணனை ஆட்டோவில் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள், பாத்திரம் பெரிதாக இருக்கும்.

முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள் அக்கா. இந்தத் தடவையாவது நேரத்தோடு வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
இளமதி


மஞ்சக்குப்பம், கடலூர்
27.1.2009

இளமதிக்கு,

"இந்தத் தடவையாவது நேரத்தோடு" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்து அரிசி டப்பா மேல் வைத்துவிட்டேன். நான்கு நாள் அங்கேயே கிடந்தது.

நேற்று குடியரசு தின லீவில் கதிர் வந்தான். பேச்சுக்கு நடுவில், "யக்கா, வீட்டுல டிஞ்சர் இருக்குதா?" என்று கேட்டான். எதற்கு என்றேன். உளறிவிட்டான். நீ தினமும் விடியற்காலையில் அண்ணாமலை நகர் ரோட்டில் சைக்கிள் கற்றுக்கொள்கிறாயாம். அவன் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறானாம். பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலைக்குக்கூட இவ்வளவு ஓடியதில்லையாம். ஐம்பது வயதில், சைக்கிளே ஓட்டத் தெரியாமலா என்னைச் சைக்கிளில் ஊர் சுற்றக் கூப்பிட்டாய்? உனக்கு என்ன துணிச்சல்!

முழங்காலில் மண் ஒட்டியிருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவு. டிடி ஊசி போட்டு எத்தனை வருடமாகிறது என்று பார். ஓட்டும்போது முன்சக்கரத்தைப் பார்க்காதே, இருபதடி தள்ளிப் பார். கைப்பிடியை இறுக்காதே. விழுந்துவிடுவோம் என்று தோன்றும்போது நிறுத்தாதே, மிதி.

இப்போது அந்த நேர விஷயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்த அன்று நான் முதல் பஸ்ஸில்தான் வந்தேன். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோடு வரும்போது பின் சீட்டில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. முதல் பிரசவம், கூட மாமியார் மட்டும். பஸ்ஸை நிறுத்தி, பொம்பளைகளைத் தவிர எல்லாரையும் கீழே இறக்கினேன். பெண் குழந்தை. பிறகு அவர்களை ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கேயே கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வந்தேன். சேலையில் கறை. அது தெரியாமல் இருக்க முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பிரசவம் பார்த்த கையோடு வந்து முதல் பால் காய்ச்சுவதா என்று உங்கள் பக்கத்தில் யாராவது ஒருத்தர் முகம் சுளித்திருப்பார்கள். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. முப்பத்தோரு வருடம் நான் தலை நிமிர்ந்து நடந்தது இந்தக் கையால்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பிறகு கோபம் வந்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டரை வயதாகிறது. எனக்கும் உன் வீட்டுக்கும் பேச்சு நின்று எத்தனை நாள் என்று அவள் வயதை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறேன்.

வலமாகவே சுற்றுவோம். அதில் எனக்கு ஒன்றுமில்லை.

எழிலரசி


சிதம்பரம்
31.1.2009

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

அன்று நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஒழுங்காகச் சேலை கட்டிக்கொண்டு வரக்கூட மனமில்லையா என்று நான் நினைத்தேன் அக்கா. அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கு மேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் வராமல் போகலாம். ஆனால் நீங்கள் உண்மையை எழுதிய பிறகு நான் பொய்யை வைத்துக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது.

நல்ல நேரம் முடியப்போகிறது, ஐயர் அவசரப்படுத்துகிறார் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். அது பொய். நல்ல நேரம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஐயர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வரட்டும்மா, அவசரமில்ல" என்று அவரே சொன்னார். நான்தான் ரேகாவைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னேன்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். ஏழு வீடு மாறினோம். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து, இருட்டும் வரை. வேலை முடிந்தபோது எல்லாரும் "கதிர் வீடு, கதிர் வீடு" என்றார்கள். முதல் பாலும் கதிரின் அக்கா கையால் காய்ந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று தோன்றியது. என் பக்கத்து ஆள் ஒருத்தி கையால் காயட்டுமே என்று ஒரு சின்ன புத்தி. நீங்கள் தாமதமானது எனக்குச் சாதகமாகப் போய்விட்டது.

நீங்கள் வாசலில் திரும்பிப் போனபோதே தெரிந்துவிட்டது, என்ன செய்துவிட்டேன் என்று. பின்னாலேயே ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. அன்று மீந்த பால் முழுவதும் திரிந்துபோயிற்று.

பிரசவம் பார்த்த கையைப் பார்த்து நான் முகம் சுளித்திருப்பேனா? என் பையனை இந்த உலகத்துக்கு எடுத்ததே அந்தக் கைதானே அக்கா.

மன்னிப்புக் கேட்கிறேன். பதினைந்தாம் தேதி நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் அந்தப் புங்க மரத்தடிக்குச் சைக்கிளில் போவேன். கத்தரிக்காய் மட்டும் உங்கள் பதில் வந்த பிறகு வாங்குகிறேன்.

இளமதி


மஞ்சக்குப்பம், கடலூர்
9.2.2009

இளமதிக்கு,

பதில் எழுத ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபமாக இருந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

உன் கடிதம் வந்த அன்று, "போடி, நீயும் உன் கொத்சுவும்" என்று ஒரு கடிதம் எழுதினேன். தபால்பெட்டிக்குப் போகும்போது உன் அண்ணன் வாங்கிப் படித்தார். "வாய்தா போடு எழிலு. இன்னிக்கே தீர்ப்பு எழுதாத" என்றார். கடிதத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவிட்டு, சில்வர் பீச் வரை மிதித்தேன். இருபத்தைந்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று மிதிக்க மிதிக்க அதுவேதான் மனதில் ஓடியது. கடற்கரையில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். நீ சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் வந்தது. ஒரு தடவை நான் வந்தபோது பார்த்திருக்கிறேன். கையில் குடத்தோடு, தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு நின்றாய். நான், "எங்க தம்பி வீடு நல்லா வருது" என்று சொன்னேன். உன்னிடம்தான் சொன்னேன். குடத்தோடு நின்ற உன்னிடம்.

அந்த வார்த்தையை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். எழுதாமல் விட்டதால் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். உன்மேல் இருக்கும் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

நேற்று கதிர் வந்தான். மாடியில் ஒரு அறை கட்டி, பால்கூடக் காய்ச்சாமல் பத்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றான். வாடகைக்கு விடலாம் என்றாலும் நீ கேட்பதில்லையாம். எப்போது கேட்டாலும், "பூச்சு இன்னும் காயலங்க" என்று சொல்கிறாயாம். "எந்தப் பூச்சுக்கா பத்து மாசம் காயும்?" என்று என்னிடம் கேட்கிறான் அந்த அப்பாவி. இத்தனை வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியும் அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

உன் அண்ணனிடம் சட்டம் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சபதம் பண்ண தேதியில மாடி கட்டவே இல்ல. அப்ப இல்லாத கட்டடம் அந்தச் சபதத்துக்குள்ள வராது." அறைக்கு வெளிப்பக்கமாகத்தானே படி? அப்படியென்றால் உன் வீட்டுக்குள் நுழையாமலே ஏறலாம்.

ஆகவே வழியைத் திருத்திக்கொள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி, அண்ணாமலை நகர், புங்க மரம். சாப்பாடு முடிந்து திரும்பும்போது காளி கோயில் தெரு. ஒரு புதுச் சொம்பும் ஒரு லிட்டர் பாலும் வாங்கி வை. அடுப்பை மாடிக்கு ஏற்றச் சொல்லிக் கதிரிடம் சொல்.

நான் தாமதமானால் இந்தத் தடவை காத்திரு.

கத்தரிக்காயைப் பிஞ்சாகப் பார்த்து வாங்கு.

எழிலரசி


சிதம்பரம்
12.2.2009

அக்கா,

கத்தரிக்காய் நான்கு கிலோ வாங்கிவிட்டேன். குறைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

சொம்பு வாங்கியாயிற்று. பித்தளை. ஞாயிறு பத்தரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குள் காய்ச்சிவிட்டால் மனதுக்கு நிம்மதி.

ஒரு உண்மை பாக்கி இருக்கிறது. நான்கு வீதிகளையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று அவ்வளவு வாதாடினேனே, அதில் பக்தி பாதிதான். எனக்குச் சைக்கிளை வலப்பக்கம் திருப்ப மட்டும்தான் வருகிறது. இடப்பக்கம் திருப்பினால் விழுந்துவிடுகிறேன்.

முதல் பஸ். மறந்துவிடாதீர்கள்.

இளமதி


மஞ்சக்குப்பம், கடலூர்
17.2.2009

அன்புள்ள இளமதிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ் மேலே ஏற்றும்போது சைக்கிள் மணி கழன்று விழுந்தது, அவ்வளவுதான் நஷ்டம்.

நீ ஓட்டுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பரவாயில்லை. மேல வீதித் திருப்பத்தில் அந்த வாழைப்பழ வண்டியை நீ இடித்திருக்க வேண்டாம். ஆனால் விழப்போகும்போது நிறுத்தாமல் மிதித்தாய், பார்த்தேன். வண்டிக்காரர், "யம்மா, பெல்லாச்சும் அடிக்கக் கூடாதா?" என்று கத்தியதற்கு, நீ திரும்பிப் பார்க்காமலே, "பெல் அடிக்கிற கை புடிச்சிருக்குதுங்க!" என்று பதில் சொன்னதை உன் அண்ணன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

புங்க மரத்தடியில் நான் நான்கு தடவை கொத்சு வாங்கிக்கொண்டேன். நீ கவனித்திருப்பாய், சொல்லவில்லை. வாய்க்காலில் ஆகாயத்தாமரை வாரிக்கொண்டிருந்த பதினைந்து பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினாயே, அப்போதுதான் உன் கைக்கு அளவு சரியாக வந்தது. உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவர்களில் பெரியவர் பக்கிரி, "என்னா விசேஷம்மா?" என்று கேட்டதற்கு நீ என்னைப் பார்த்தாய். நான், "சைக்கிள் விசேஷம்" என்றேன். அந்தக் கேள்விக்கு வேறு என்ன சொல்வது?

இனி நீ பார்க்காததைச் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்துப் பத்தேகாலுக்குக் கிளம்பினோம். கீழ வீதி முனை வந்ததும், "நீங்க முன்னாடி போங்க, நான் ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்" என்று சொன்னேன். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி. அப்படித்தான் நினைத்தேன். யாருக்கும் வலி எடுக்கவில்லை, எந்தக் குழந்தைக்கும் ஊசி இல்லை, பையில் ரெஜிஸ்தர் இல்லை. தெற்கு வீதியில் ஒருவர் கடை வாசலில் உட்கார்ந்து கிளிக்கூண்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். இறங்கி நின்று பார்த்தேன். கம்பி கம்பியாக அடித்தார். முழுக் கூண்டும் பச்சையாகும் வரை நின்றேன். பிறகு இரண்டாவது சுற்றுப் போனேன், அப்புறம் மூன்றாவது. கோபுரத்துப் புறாக்கள் ஒவ்வொரு பக்கமிருந்தும் ஒவ்வொரு மாதிரி தெரிந்தன. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக மணி என்ன என்பதே மறந்துபோயிற்று. செல்போன் உன் அண்ணன் பையில் இருந்தது. உன்னைச் சோதிக்கிறேன் என்று நீ நினைத்திருந்தால், இல்லை. உண்மையாகவே மறந்துவிட்டேன்.

காளி கோயில் தெருவில் திரும்பியபோது எதிரே வந்தவரிடம் மணி கேட்டேன். பன்னிரண்டு இருபது என்றார். வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். மறுபடியும் தாமதம். அதே தெரு, அதே வாசல். ரேகா மாதிரி யாராவது டம்ளரோடு நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். நீ வாசலில் நின்றாய். கையில் காலிச் சொம்பு.

நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உன் அண்ணன்தான் பஸ்ஸில் சொன்னார். பதினொன்றரைக்குக் கதிர் தேடிக் கிளம்பினானாமே, நீ சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாயாமே. "வருவாங்க, இருங்க. ஒரு நாளாவது அவுங்க அவசரப்படாம ஓட்டட்டும்" என்றாயாம். பன்னிரண்டு அடித்ததும், "எமகண்டம் வந்துருச்சு இளமதி" என்று அவன் சொன்னதற்கு, "வந்தா வரட்டும், அவுங்க இன்னும் வரல" என்றாயாம். இதைக் கேட்டதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும் வரை அழுதேன். உன் அண்ணன் தூங்குவது போல நடித்தார்.

பால் பொங்கியது. நீயும் பார்த்தாய். சொம்பின் நாலா பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. டம்ளர் எடுக்க நான் கீழே உன் சமையலறைக்கு இறங்கினேனே, "நீங்க இருங்கக்கா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாய். எதற்குப் பதறுகிறாய் என்று உள்ளே வந்ததும் தெரிந்தது. தினசரிக் காலண்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தொங்கியது. "இது ஏன் இப்புடி மாட்டியிருக்குது?" என்று கேட்டேன். "காத்துல திரும்பிக்கிச்சு போலக்கா" என்றாய். ஜன்னல் சாத்தியிருந்தது.

அதனால்தான் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, "பசிக்குது, சோறு போடு" என்றேன். எனக்குப் பசியே இல்லை. வயிறு முட்ட உன் கொத்சுதான் இருந்தது. ஆனாலும் உன் வீட்டில், உன் அடுக்களையில், உன் கையால் வாங்கித் தின்றேன். நீ கை கழுவத் தண்ணீர் ஊற்றினாய். பாதித் தண்ணீர் என் காலில்தான் விழுந்தது.

காலண்டரை இப்போது நேராகத் திருப்பி மாட்டு. இன்றைய தாள் வரைக்கும் கிழி. ஞாயிற்றுக்கிழமைத் தாளை மட்டும் குப்பையில் போடாதே. எனக்கு அனுப்பு, வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா